சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச்: வயரைச் சேர்த்து முறுக்கிவிடலாமா?

பெங்களூர் கனகபுரா ரோட்டிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வில்லா லேஅவுட் ஒன்றில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், சொந்த ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்.

"சார், எங்கள் லேஅவுட்டில் உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டி ஒன்று இருக்கிறது, வாங்கி ஐந்து வருஷம் ஆகிறது. சமதரையில் நன்றாகத்தான் ஓடுகிறது. கிளப் ஹவுஸுக்குப் பின்னால் ராஜகால்வாய், அதாவது பெரிய மழைநீர்க் கால்வாய்ப் பக்கமாக இறங்குகிற சரிவில் மட்டும், ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்ஜின் பட்டென்று நின்றுவிடுகிறது. ஓட்டுகிற பையன் ஒல்லி, ஐம்பது கிலோ இருப்பான். பக்கத்து மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, சீட்டுக்குக் கீழே ஒரு ஸ்விட்ச் இருக்கிறது, அதன் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கி டேப் சுற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை என்கிறார். கமிட்டியிலும் செய்துவிடுங்கள், புல் முழங்கால் வரைக்கும் வந்துவிட்டது என்கிறார்கள். எனக்குத்தான் மனசு ஒப்பவில்லை. செய்யலாமா?"

செய்யாதீர்கள் சார். மனசு ஒப்பவில்லை என்று எழுதினீர்களே, அதையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆனால் மனசு ஒப்பவில்லை என்று கமிட்டியில் போய்ச் சொல்ல முடியாது, அவர்களுக்குக் காரணம் வேண்டும், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கும் மேலாக பெங்களூரில் இந்த மெஷின்களைத்தான் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். ஷெட்டுக்கு வருகிற பழைய ரைடிங் மோவரில் சீட்டைத் தூக்கினால் கறுப்பு டேப் சுற்றிய வயர் முடிச்சு ஒன்று கண்ணில் படுவது எனக்குப் புதிது இல்லை, சிலர் அதுகூட இல்லாமல் சீட் பலகையில் ஒரு செங்கலை வைத்து சணல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். விசாரித்தால் எல்லாம் உங்கள் கதைதான்: மெஷின் நின்று நின்று போனது, வேலை ஓடவில்லை, யாரோ வந்து முறுக்கிவிட்டுப் போனார்கள்.

முதலில் அந்த ஸ்விட்ச் என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் வைத்த சின்ன பட்டன் அது. ஆள் உட்கார்ந்தால் அழுந்தும், எழுந்தால் மேலே வரும். பிளேடு சுற்றும்போதோ, பிரேக் போடாமல் இருக்கும்போதோ சீட்டில் ஆள் இல்லை என்றால் இன்ஜினுக்கான தீப்பொறியை வெட்டிவிடும், மாடலைப் பொறுத்து பிளேடின் கிளட்சையும் விடுவிக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. இந்த மெஷின்களுக்கான அமெரிக்கத் தர விதி ஒன்று இருக்கிறது, ஆன்சி பி71.1 என்பார்கள், ஓட்டுபவர் சீட்டை விட்டு எழுந்த 5 வினாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும் என்கிறது அது. தள்ளிக்கொண்டு போகிற மோவருக்கு அங்கே 1982 முதல் 3 வினாடி, அதுவும் சட்டப்படி. பிளேடு நுனி எவ்வளவு வேகம் போகலாம் என்பதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு, நிமிடத்துக்கு 19,000 அடி. கணக்குப் போட்டுப் பாருங்கள், மணிக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர் வருகிறது. அந்த இரும்பு உங்கள் பையனின் காலுக்கு ஒரு சாண் கீழே சுற்றிக்கொண்டிருக்கிறது, அவன் சீட்டில் இருக்கிறானா இல்லையா என்று மெஷினுக்குச் சொல்ல இருப்பது அந்தச் சின்ன பட்டன் ஒன்றுதான்.

சரி, உங்கள் கேஸுக்கு வருகிறேன். சமதரையில் ஓடுகிறது, சரிவில் நிற்கிறது என்று எழுதினீர்கள், அதிலேயே பாதி விடை இருக்கிறது. சரிவில் குறுக்காகப் போகும்போது யாராக இருந்தாலும் உடம்பு தானாக மேட்டுப் பக்கம் சாயும். பள்ளத்துப் பக்கத்துக் காலை ஃபுட்போர்டில் ஊன்றி உந்துவோம். அந்த நேரத்தில் உடம்பின் பாரம் சீட்டில் இருக்காது, பாதி காலுக்குப் போயிருக்கும், மீதியும் ஒரு ஓரத்தில் இருக்கும். எண்பது கிலோ ஆளுக்கு இதனால் ஒன்றும் ஆகாது, மிச்சம் இருக்கிற பாரமே பட்டனை அழுத்திவிடும். ஐம்பது கிலோ பையனுக்கு அந்த மிச்சம் போதாது, சீட் லேசாக எழும்பும், பட்டன் மேலே வரும், இன்ஜின் நிற்கும். இந்த மெஷின்கள் பெரும்பாலும் அமெரிக்கா, ஐரோப்பாக்காரர்களின் உடம்பை மனதில் வைத்துச் செய்தவை, சீட் ஸ்பிரிங்கும் அந்தக் கனத்துக்குத்தான் இருக்கும். நம் ஊர்ப் பையன்கள் அதில் உட்கார்ந்தால் குருவி உட்கார்ந்த மாதிரிதான்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பிளேடைப் போடாமல், லேசான சரிவு ஒன்றில் பையனை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், நீங்கள் மேட்டுப் பக்கமாகத் தள்ளி நின்று பாருங்கள், பள்ளத்துப் பக்கம் மட்டும் நிற்க வேண்டாம். முகத்தைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். ஒரு பக்கம் சீட்டை விட்டு எழும்புகிறதா, சீட் தன் இடத்திலிருந்து ஒரு விரல்கடை உயர்கிறதா என்று கவனியுங்கள். அது எழும்புகிற அதே நொடியில் இன்ஜின் நின்றால் ஸ்விட்சில் கோளாறே இல்லை, அது தன் வேலையைச் சுத்தமாகச் செய்கிறது என்று அர்த்தம்.

எழும்பாமலே நிற்கிறது என்றால் வேறு இடத்தில் தேட வேண்டும். இங்கே காதைத்தான் முதலில் நம்புவேன். சாவியைத் திருப்பி நிறுத்தின மாதிரி ஒரே வெட்டாக நின்று, சில சமயம் சைலன்சரில் 'டப்' என்று ஒரு வெடி கேட்டால் அது மின்சார விஷயம். தீப்பொறி மட்டும் போய்விட்டது, எரியாத பெட்ரோல் சூடான சைலன்சரில் போய்ப் பற்றுகிறது, அதுதான் அந்தச் சத்தம். இருமி, திணறி, மூச்சு வாங்கி நின்றால் பெட்ரோல் விஷயம். டேங்கில் கால் பங்குதான் இருக்கிறது, சரிவில் அது ஒரு பக்கமாக ஒதுங்கிப் போய்விட்டது, பைப் வாய்க்கு வரவில்லை. இல்லை மூடியில் காற்று போகிற ஓட்டை அடைத்திருக்கிறது. சில இன்ஜின்களில் ஆயில் குறைந்தால் நிறுத்திவிடுகிற சென்சார் இருக்கும், சரிவில் ஆயில் ஒதுங்கினால் அதுவும் நிறுத்தும். இன்னொன்று, இன்ஜின் கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் எத்தனை டிகிரி சாய்த்து ஓட்டலாம் என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள், அதைத் தாண்டினால் உள்ளே ஆயில் போக வேண்டிய இடத்துக்குப் போகாது, இன்ஜின் நிற்காவிட்டாலும் உள்ளே தேய்ந்துகொண்டே இருக்கும். நீங்கள் பட்டென்று நிற்கிறது என்று எழுதியிருப்பதால் எனக்கு முதல் சந்தேகம் மின்சாரம்தான்.

அப்படியானால் சாவியை எடுத்துவிட்டு, பிளக் வயரைக் கழற்றிவிட்டு, சீட்டைத் தூக்கிப் பாருங்கள். ஐந்து வருஷ மெஷின், வெயிலிலும் மழையிலும் நின்றிருக்கும். சீட் உறை கிழிந்து ஃபோம் தண்ணீர் குடித்திருக்கும், எலி கடித்திருக்கும், கனெக்டரில் பச்சையாகப் பூத்திருக்கும், சீட்டைத் தூக்கித் தூக்கி இறக்கியதில் வயர் கீலில் உரசி உள்ளே செம்பு தெரியும். போன மாதம் ஒரு மெஷினில் அரை நாள் தேடிவிட்டுக் கடைசியில் பார்த்தால் எறும்பு, ஸ்விட்ச் குழிக்குள் கூடு கட்டி, பட்டன் முழுசாக அழுந்தாமல் மண் நிறைத்து வைத்திருந்தது. மல்டிமீட்டரை கன்டினியூட்டியில், அதாவது சர்க்யூட் சேர்ந்திருக்கிறதா என்று காட்டுகிற இடத்தில் வைத்து, கையால் பட்டனை அழுத்தியும் விட்டும் பாருங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் தவறாமல் மாற வேண்டும். பத்தில் இரண்டு முறை தடுமாறினாலும் ஸ்விட்சை மாற்றிவிடுங்கள், மெஷின் விலையைப் பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் எஸ்.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் போய் பார்க்க அதே மாதிரி இருக்கிறதே என்று வாங்கி வந்து மாட்டாதீர்கள். நான்கு பின், அதே அளவு, அதே நிறம் என்று இருக்கும், உள்ளே கான்டாக்ட் நேர் எதிராக இருக்கும். மெஷினின் பார்ட் நம்பர் சொல்லித்தான் வாங்க வேண்டும்.

உங்கள் மெக்கானிக் சொன்ன பத்து நிமிஷ வேலையின் லட்சணமும் இதில்தான் இருக்கிறது. எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி ஸ்விட்ச் இல்லை. சிலதில் ஆள் உட்கார்ந்தால் சர்க்யூட் சேரும், சிலதில் ஆள் எழுந்தால் சேர்ந்து, தீப்பொறிக்குக் கரண்ட் தருகிற மேக்னெட்டோவை எர்த் ஆக்கி நிறுத்தும், சிலதில் இரண்டுமே ஒரே உடம்புக்குள் இருக்கும். எது எது என்று தெரியாமல் கைக்கு வந்த இரண்டு வயரை முறுக்கினால் ஃபியூஸ் போனால் நல்ல காலம், பேட்டரியின் 12 வோல்ட் இக்னிஷன் காயில் பக்கம் போய்விட்டால் காயில் காலி. அப்படிக் காயில் எரிந்து வந்த மெஷினும் பார்த்திருக்கிறேன், கொண்டு வந்தவர் கடைசி வரைக்கும் நான் ஒன்றும் செய்யவில்லை சார், தானாகத்தான் போனது என்றார், டேப் சுற்றிய முடிச்சு எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

நானும் யோக்கியன் இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் நந்தி மலைப் பக்கம் ஒரு பண்ணை வீட்டுக்குப் போனேன், இதே புகார், இதே சரிவு. ஸ்விட்ச் கையில் இல்லை, திரும்பி வர ஒரு நாள் ஆகும், வீட்டுக்காரர் மறுநாள் ஏதோ விசேஷம் என்று அவசரப்படுத்தினார். நானே முறுக்கினேன், நானே டேப் சுற்றினேன், நானே ஏறி ஓட்டியும் காட்டினேன். ஜூலை மாதம், காலையிலிருந்து தூறல். சரிவில் குறுக்காகப் பாதி தூரம் போயிருப்பேன், பின்சக்கரம் இரண்டும் சோப்பில் வைத்த மாதிரி வழுக்கியது. மெஷின் சாய்கிறது என்று புரிவதற்குள் நான் குதித்துவிட்டேன். மேட்டுப் பக்கம் விழுந்தது அதிர்ஷ்டம், யோசித்தெல்லாம் செய்யவில்லை. மெஷின் கவிழவில்லை, அது பாட்டுக்கு ஆள் இல்லாமல் கீழே இறங்கியது, முழு வேகத்தில் பிளேடு சுற்றிக்கொண்டே, முப்பது அடி. வழியில் சொட்டுநீர்க் குழாயை வாரிச் சுருட்டி நறுக்கியது, ஒரு தைலமரத்தில் போய் முட்டி நின்றது. நின்றது என்றால் இன்ஜின் நிற்கவில்லை. சக்கரம் செம்மண்ணைப் பறித்துக்கொண்டு சுற்றுகிறது, பிளேடை மூடியிருக்கிற டெக்குக்கு அடியிலிருந்து கூழாங்கல் பறந்து வந்து இருபதடி தள்ளி இருந்த நீல பிளாஸ்டிக் டிரம்மில் டங் டங் என்று அடிக்கிறது, சாவி மெஷினில், யாரும் கிட்டே போக முடியவில்லை. தோட்டக்காரர், வாட்ச்மேன், வீட்டுக்காரர், நான், நாலு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கடைசியில் மரத்துக்கு மேட்டுப் பக்கமாகச் சுற்றிப் போய், கல் பறக்காத பக்கத்திலிருந்து கையை நீட்டி சாவியைத் திருப்பினேன். அதுவும் செய்திருக்கக் கூடாத வேலைதான். ஸ்விட்ச் இருந்திருந்தால் நான் குதித்த நொடியே இன்ஜின் அடங்கியிருக்கும்.

ஒரு விஷயத்தைக் கவனித்தீர்களா? ஆள் சீட்டை விட்டுப் போகிற வாய்ப்பு அதிகம் இருப்பது சரிவில்தான். அந்த ஸ்விட்ச் தேவைப்படுகிற இடமும் சரிவுதான். உங்கள் மெக்கானிக் சரிவில் ஓட்டுவதற்காக ஸ்விட்சை எடுக்கச் சொல்கிறார், கிணற்றில் இறங்கப் போகிறோம், கயிறு இடைஞ்சலாக இருக்கிறது, அவிழ்த்துவிடு என்கிற கணக்கு அது.

ஆகவே உங்கள் நிஜமான கேள்வி ஸ்விட்ச் பற்றியது இல்லை, அந்தச் சரிவு பற்றியது. அதை அளந்தீர்களா? கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், என் கண்ணையும் சேர்த்துத்தான், மேலே நின்று பார்த்தால் ஒன்றும் இல்லாத மாதிரி தெரியும், கீழே நின்று பார்த்தால் மலை மாதிரி தெரியும். கொத்தனாரிடமிருந்து ரசமட்டத்தையும், சரியாக ஒரு மீட்டர் நீளப் பலகை ஒன்றையும் வாங்கி வாருங்கள். பலகையின் ஒரு முனையைச் சரிவில் மேலே வையுங்கள், மட்டம் பார்த்துக் கிடையாகப் பிடியுங்கள், தொங்குகிற மறுமுனைக்குக் கீழே தரை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று டேப்பால் அளங்கள். 17, 18 சென்டிமீட்டர் என்றால் 10 டிகிரி. 27 சென்டிமீட்டர் என்றால் 15 டிகிரி. 36ஐத் தொட்டால் 20 டிகிரி. செல்போனில் மட்டம் காட்டுகிற ஆப் இருந்தால் பலகையைச் சரிவில் படுக்க வைத்து அதன் மேல் போனை வைத்தும் பார்க்கலாம், நேராகப் புல் மேல் வைக்காதீர்கள். ஒரே இடத்தில் அளந்துவிட்டு வராமல் பத்துப் பதினைந்து இடத்தில் அளங்கள். லேஅவுட் போடும்போது ஜேசிபி கொட்டி நிரவிய மண் அது, ஒரே சீராக இருக்காது, நடுவில் ஒரு இடம் சட்டென்று இறங்கும், அந்த ஒரு இடம்தான் ஆளைக் கவிழ்க்கும்.

15 டிகிரி என்பதுதான் பெரும்பாலான ரைடிங் மோவர் புத்தகங்களில் போட்டிருக்கும் எல்லை. அதைத் தாண்டினால் அந்த மெஷின் அங்கே இறங்கக் கூடாது, யார் ஓட்டினாலும், எவ்வளவு அனுபவம் இருந்தாலும். சில மாடல்களுக்கு இன்னும் குறைவாகப் போட்டிருப்பார்கள், உங்கள் மாடல் புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் கணக்கு. 15க்கு உள்ளே என்றாலும் ஈரமாக இருந்தால் வேண்டாம். நம் ஊரில் ஏப்ரல், மே சாயங்கால மழை, அப்புறம் ஜூனிலிருந்து அக்டோபர் வரை விட்டு விட்டு மழை, மழை இல்லாத மாதங்களில் காலையில் பனி, ஆக சரிவை வெட்ட நல்ல நேரம் என்பது வெயில் ஏறி புல் காய்ந்த பிறகுதான், பத்து பதினோரு மணிக்கு மேல். காலை ஏழு மணிக்கே முடித்துவிட வேண்டும், குடியிருப்பவர்களுக்குச் சத்தம் தொந்தரவு என்று கமிட்டி சொல்வார்கள், தெரியும். ஆனால் ஏழு மணிக்கு சத்தமும் உண்டு, பனியும் உண்டு.

எப்படி ஓட்டுவது என்பதில் பெரும்பாலானவர்கள் தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். கையால் தள்ளுகிற மோவரைச் சரிவில் குறுக்காகத்தான் கொண்டு போக வேண்டும், மேலிருந்து கீழே இறக்கினால் கால் வழுக்கி மெஷின் உங்கள் மேலேயே வரும், இல்லை நீங்கள் அதற்குள் போவீர்கள். உட்கார்ந்து ஓட்டுகிற ஸ்டியரிங் மெஷினை நேராக மேலும் கீழுமாகத்தான் ஓட்ட வேண்டும், குறுக்காகப் போனால் பக்கவாட்டில் கவிழும். உங்கள் பையன் குறுக்காக ஓட்டுகிறான் என்று கடிதத்தில் எங்கும் இல்லை, ஆனால் இன்ஜின் நிற்கிற விதத்தைப் பார்த்து பந்தயம் கட்டத் தயார். நேராக மேலும் கீழுமாக ஓட்டினாலே அவன் பாரம் சீட்டின் நடுவில் இருக்கும், பாதி தொல்லை அங்கேயே தீர்ந்துவிடலாம்.

ஸ்டியரிங் வீல் இருக்கிற மெஷினா, இரண்டு கைப்பிடியைத் தள்ளி இழுத்து ஓட்டுகிற ஜீரோ டர்னா என்று நீங்கள் எழுதவில்லை. ஜீரோ டர்ன் என்றால் நான் இன்னும் பயப்படுவேன். அதில் முன்சக்கரம் சும்மா சுழல்கிற காஸ்டர்தான், திருப்புவது, நிறுத்துவது, இழுப்பது எல்லாமே பின்சக்கரம் இரண்டும்தான். அது பிடி விட்டால் உங்கள் கையில் ஒன்றும் இல்லை, பிரேக் இல்லாத சறுக்குமரம். சரிவில் எந்த அளவுக்குப் போகலாம், எந்தத் திசையில் போகலாம் என்று அதன் புத்தகத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள், அதை முதலில் படியுங்கள்.

மெதுவாக, ஒரே வேகத்தில் போக வேண்டும். சரிவின் நடுவில் நிறுத்துவது, கிளப்புவது, திருப்புவது கூடாது. கியர் மெஷின் என்றால் இறங்கும்போது கிளட்சை மிதித்து உருளவிடக் கூடாது, கியர் எப்போதும் விழுந்திருக்க வேண்டும். பின்னால் புல் சேர்கிற பை இருந்தால் சரிவுக்குப் போகும் முன் கழற்றிவிடுங்கள், அது நிறைந்தால் மேலே ஏறும்போது முன்சக்கரம் தூக்கும். ஏறமுடியாமல் சக்கரம் சுழன்றாலோ, இன்ஜின் நின்றாலோ பையன் குதிக்கக் கூடாது, உதவிக்கு ஆள் பின்னால் போய்த் தள்ளவும் கூடாது. பிரேக், பிளேடு ஆஃப், அப்புறம் வந்த வழியே நேராக மெதுவாகப் பின்னால் இறங்குவது, அவ்வளவுதான். கியருக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் ஓடுகிற ஹைட்ரோ மெஷினில், இன்ஜினை நிறுத்தித் தள்ளிக்கொண்டு போவதற்காக ஒரு பைபாஸ் லீவர் இருக்கும், அதை யாராவது இழுத்துவிட்டுத் திரும்ப உள்ளே தள்ளாமல் விட்டிருந்தால் சரிவில் வண்டி தானாக உருளும், அதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

டயர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. பெட்ரோல் பங்கில் காற்று பிடிக்கப் போனால் பையன்கள் பைக் மாதிரி நினைத்து 30 வரைக்கும் அடித்துவிடுகிறார்கள். லான் டிராக்டர் டயருக்குப் பொதுவாக 10 முதல் 14 பி.எஸ்.ஐ.தான். அதிகம் அடித்தால் டயர் பந்து மாதிரி உருண்டு தரையைத் தொடுகிற இடம் சுருங்கிவிடும், சரிவில் பிடிக்காது. இரண்டு பக்கமும் வேறு வேறு அளவு என்றால் மெஷின் சமதரையிலேயே சாய்ந்துதான் நிற்கும்.

தலைக்குப் பின்னால் இரும்பு வளைவு இருக்கிற மாடல் என்றால் பெல்ட் கட்டாயம் போட வேண்டும், கவிழ்ந்தால் அந்த வளைவுக்குள்தான் ஆளுக்கு இடம் இருக்கும். வளைவு இல்லாத மெஷினில் பெல்ட் கட்டவே கூடாது. யாராவது பாதுகாப்பு என்று நினைத்து கார் பெல்ட்டை வாங்கி வந்து மாட்டி வைத்திருந்தால் கழற்றிவிடுங்கள்.

ராஜகால்வாய் என்று எழுதினீர்கள், அதுதான் என்னை உறுத்துகிறது. அந்த ஓரத்தில் தடுப்புச் சுவர் இருக்கிறதா, சும்மா மண் கரையா? மழையில் அந்தக் கரை அடியில் அரித்துப்போய் மேலே புல் மட்டும் போர்வை மாதிரி கிடக்கும், 200 கிலோவுக்கு மேல் இருக்கிற மெஷின் ஏறினால் அப்படியே இறங்கிவிடும். ஓரத்திலிருந்து மெஷினின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளியே நிறுத்திக்கொள்ளுங்கள். சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டுவிடுங்கள், பையன் கண்ணுக்குத் தெரியட்டும்.

கோட்டுக்கு அந்தப் பக்கத்தையும், 27 சென்டிமீட்டரைத் தாண்டின இடங்களையும் என்ன செய்வது? தோளில் மாட்டிக்கொண்டு வெட்டுகிற பிரஷ் கட்டர் போதும். நைலான் கயிறு போட்டு, கண்ணாடி, கம்பூட்ஸ், முழுக் கால்சட்டை போட்டு, சரிவில் குறுக்காக நடந்து வெட்டட்டும், இரண்டு ஆள், ஒரு நாள் வேலை. நிரந்தரமாகத் தீர வேண்டும் என்றால் அங்கே லான் எதற்கு என்று கமிட்டியிடம் கேளுங்கள். கால்வாய்க்குப் போகிற சரிவில் யாரும் உட்கார்ந்து காபி குடிக்கப் போவதில்லை. வெட்டிவேர் வையுங்கள், நம் தமிழ்ப் பெயரைத்தான் உலகம் முழுக்க வெட்டிவர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், வேர் நேராகக் கீழே மூன்று மீட்டர் வரைக்கும்கூட இறங்கிக் கரையைப் பிடித்துக்கொள்ளும், வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை அரிவாளால் கழித்தால் போதும். வெடீலியாவும் பெங்களூரில் எல்லா நர்சரியிலும் கிடைக்கும், மஞ்சள் பூவோடு சீக்கிரம் படரும், ஆனால் அது அடங்காது, கால்வாய் ஓரம் என்பதால் நான் வெட்டிவேருக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இப்போது சீட். ஸ்விட்சும் வயரும் சரியாக இருந்து, பையன் எடை மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்கு நேர்மையான வழிகள் இருக்கின்றன. சில சீட்டுகளில் ஓட்டுபவர் எடைக்குத் தகுந்தபடி ஸ்பிரிங்கைத் தளர்த்த குமிழோ, மாற்று ஓட்டையோ இருக்கும், புத்தகத்தில் பாருங்கள். சீட்டை முன்னால் நகர்த்தினால் அவன் காலை எட்டிப் போட்டு உந்த வேண்டியிருக்காது, உயரம் குறைந்த பையன்கள் பெடலுக்கு எட்டுவதற்காகவே சீட்டின் நுனிக்கு வந்துவிடுகிறார்கள். சில மாடல்களில் மேடு பள்ளத்தில் குலுங்கினால் உடனே வெட்டாமல் அரை வினாடி பொறுத்து வெட்டுகிற அமைப்பு கம்பெனியிலேயே உண்டு, உங்கள் மாடலுக்கு இருக்கிறதா என்று டீலரிடம் கேட்கலாம். அதுவும் சரிவரவில்லை என்றால் வேறு ஆளை ஓட்டச் சொல்லுங்கள், பையனுக்கு பிரஷ் கட்டரைக் கொடுங்கள். அவனிடம் இதை எப்படிச் சொல்வது என்பது உங்கள் சாமர்த்தியம், ரைடிங் மோவர் ஓட்டுவது லேஅவுட் பையன்களுக்கு ஒரு கெத்து, எனக்குத் தெரியும்.

எல்லாம் சரி செய்த பிறகு வாரத்துக்கு ஒரு தடவை சமதரையில், பக்கத்தில் குழந்தைகள் யாரும் இல்லாதபோது இதைப் பாருங்கள். பிளேடு ஸ்விட்சைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பினால் இன்ஜின் கிளம்பக் கூடாது. பிரேக்கை மிதிக்காமல் திருப்பினாலும் பெரும்பாலான மாடல்களில் கிளம்பக் கூடாது. பார்க்கிங் பிரேக் போட்டு, பிளேடைச் சுற்றவிட்டு, கைப்பிடியை விடாமல் சீட்டிலிருந்து மெல்ல எழுந்தால் பிளேடு 5 வினாடிக்குள் அடங்க வேண்டும், செல்போன் ஸ்டாப்வாட்ச் போதும், பிளேடு காற்று வெட்டுகிற சத்தத்தைக் காதால் கேளுங்கள், குனிந்து டெக்குக்கு அடியில் பார்க்காதீர்கள். ஒன்று தவறினாலும் அன்றைக்கு மெஷின் ஷெட்டை விட்டு வெளியே வர வேண்டாம்.

கமிட்டி விடாமல் கேட்டால், வயரைச் சேர்க்கச் சொல்லி எனக்கு ஒரு லெட்டர் கொடுங்கள், யார் கையெழுத்துப் போடுவீர்கள் என்று மட்டும் அவர்களிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்து இதுவரைக்கும் ஒரு கமிட்டியும் அந்த லெட்டரைக் கொடுத்ததில்லை.

மெக்கானிக் ஏற்கெனவே முறுக்கிவிட்டுப் போயிருந்தால் இன்றைக்கே பிரித்துவிடுங்கள். அளந்த கணக்கையும், சீட்டுக்குக் கீழே ஒட்டியிருக்கிற மாடல் நம்பரையும், ஸ்டியரிங்கா ஜீரோ டர்னா என்பதையும் எழுதி அனுப்புங்கள், எந்த ஸ்விட்ச் வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரைக்கும் அந்தச் சரிவில் மெஷின் இறங்க வேண்டாம், புல் இடுப்பு வரைக்கும் வந்தாலும் சரி.